மணிக்காரர் மனைவிக்கு மூன்று நிமிஷம்

எங்கள் நகராட்சியில் நான் வாயாரத் திட்டிய ஆள் ஒருவர் உண்டென்றால் அது மணிக்காரர்தான். தலைவரைக்கூட நான் அந்த அளவுக்குத் திட்டியதில்லை. தலைவர் என்றால் ஐந்து வருஷத்தில் மாறிவிடுவார். மணிக்காரர் பதினெட்டு வருஷமாக அதே நாற்காலியில் இருக்கிறார்.

நகராட்சிக் கட்டடத்துக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. கடை வாசலில் சாக்கடை. அந்தச் சாக்கடைக்கு மூடி கிடையாது. மூடி போட்டுத் தாருங்கள் என்று கேட்கத்தான் நான் குறை கேட்கும் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, மாடியில் இருக்கும் பெரிய ஹாலில் நடக்கும். பத்து டோக்கன், பத்துப் பேர், ஆளுக்கு மூன்று நிமிஷம். இதுவரை பதினொரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். பதினொன்றிலும் நான் மூடி என்ற இடத்துக்கு வருவதற்கு முன்னால் மணி அடித்துவிட்டது.

என் மேலும் தப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும். கடையை எப்போது எடுத்தேன், அதற்கு முன் அங்கே யார் கடை வைத்திருந்தார், சாக்கடை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தால்தானே மூடியின் அருமை கேட்பவருக்குப் புரியும்? நான் மட்டும் இல்லை, எங்கள் ஊரில் எல்லாருமே இப்படித்தான். மைக்கைக் கையில் கொடுத்தால் பெருமதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய தலைவர் அவர்களே என்று தொடங்கி, துணைத் தலைவர், கவுன்சிலர்கள், பொறியாளர், மைக் செட்காரர் வரை வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஒன்றரை நிமிஷம் போய்விடும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வணக்கத்திலேயே மூன்று நிமிஷத்தையும் செலவு செய்துவிட்டு, மணி அடித்ததும் நன்றி கூறி உட்கார்ந்தார். அவருக்கு என்ன குறை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மணிக்காரர் பதவியில் பெரியவர் இல்லை. அலுவலக உதவியாளர். ஃபைல் தூக்குவார், கதவு திறப்பார், டீ வாங்கி வருவார். ஆனால் அந்த ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் மேடையின் ஓரத்தில் சின்ன மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டால் அவரை யாரும் அசைக்க முடியாது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். மேஜையில் பித்தளை மணி, தலையில் தட்டினால் டிங் என்னும் ரகம். மைக்கில் முதல் சத்தம் வந்தவுடன் வாட்சை அமுக்குவார். அந்தச் சத்தம் இருமலாக இருந்தாலும் சரி, தொண்டையைச் செருமுவதாக இருந்தாலும் சரி. ஒரு கவுன்சிலரின் மாமனார் பேசினார், மூன்று நிமிஷம். மணிக்காரர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பேசினார், அவருக்கும் மூன்று நிமிஷம். மறுநாளே வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் பேசியதே வாடகைக்கு இருப்பவர்களால் தொல்லை என்பது பற்றித்தான்.

ஒரே ஒரு சலுகை உண்டு. மனு கொடுப்பவர் பேசும்போது மேடையிலிருந்து யாராவது குறுக்கே பேசினால் அந்த நேரம் கணக்கில் சேராது. மணிக்காரர் உடனே வாட்சை நிறுத்திவிடுவார். மேடை பேசி முடித்ததும் மறுபடி ஓடவிடுவார். இந்தச் சலுகையால் எங்களில் யாருக்கும் ஒரு விநாடி லாபம் வந்ததில்லை. குறுக்கே பேச வேண்டுமென்றால் முதலில் நாங்கள் சொல்வதைக் காதில் வாங்க வேண்டுமே.

இனி அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அக்கா என்று கூப்பிடுவேன். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் அக்காவுக்கு வேலை. துவைத்த படுக்கை விரிப்புகளை இஸ்திரி மிஷினில் கொடுத்து, அந்தப் பக்கம் வருவதை இழுத்து மடிப்பது. காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலரை வரை நின்றபடியே செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. அதன் பிறகு ஆஸ்பத்திரி வாசல் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்பார். அந்த பஸ் சில நாள் அரை மணியில் வரும், சில நாள் ஒரு மணியில் வரும். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வாரின் தடம் அப்படியே பதிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதால் டாக்டர் சும்மாவே பார்த்தார். ரொம்ப நேரம் நிற்காதீங்கம்மா என்று சும்மாவே சொல்லி அனுப்பினார்.

அந்த நிறுத்தத்தில் முன்பு ஒரு பெஞ்சு இருந்தது. மூன்று பேர் உட்காரும் இரும்பு பெஞ்சு. ஒரு கால் ஆடுகிறது என்று சொல்லி, ரிப்பேர் செய்ய நகராட்சி ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. அக்காவுக்கு இந்த உலகத்தில் வேண்டியதெல்லாம் அந்த பெஞ்சுதான்.

மணிக்காரர் ஒன்றும் செய்யாமல் இருந்தார் என்று சொன்னால் அது பாவம். ஊரில் யார் என்ன மனு எழுதினாலும் அது என் மிஷினைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வந்து, ஒரு காகிதத்தைக் கவிழ்த்து நீட்டினார்.

"ரெண்டு காப்பி. படிக்காம எடுங்க ஜெராக்ஸம்மா."

படிக்காமல் எப்படி எடுப்பது? பெஞ்சைத் திரும்பப் போடும்படி பொறியாளருக்கு எழுதியிருந்தார். கூட்டத்தில் பேசத்தான் ஊழியருக்கு உரிமை இல்லை, கடிதம் எழுதலாம். இப்படி மூன்று கடிதம் எழுதினார். முதல் இரண்டுக்கும் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. மூன்றாவதற்கு விவரமாகவே பதில் எழுதியிருந்தார்கள். பொதுமக்கள் தொடர்ந்து அமர்ந்து வந்ததால் மேற்படி இருக்கை சேதமடைந்துள்ளது என்றும், எனவே இனி அவ்வாறு நேராமல் இருக்க வழிவகை ஆராயப்படுகிறது என்றும் இருந்தது. அந்தக் கடிதத்தை மேல்மாடியில் கையெழுத்து வாங்கி, கவரில் போட்டு, தன் பெயருக்குத் தானே கொண்டுவந்து கொடுத்துக்கொண்டதும் மணிக்காரர்தான்.

அதைப் படித்த மறுநாள் அக்கா என் கடைக்கு வந்தார்.

"இந்தாளு எழுதிக் கிழிச்சதெல்லாம் போதும். வர்ற செவ்வாய்க்கிழமை நானே பேசப்போறேன். நீ நல்லா எழுதுவியாமே, ஒண்ணு எழுதிக் குடு."

எழுதினேன். என் கைத்திறமை முழுவதையும் காட்டி எழுதினேன். வணக்கத்தில் ஒருவரையும் விடவில்லை. பெஞ்சு எந்த வருஷம் போடப்பட்டது, பஸ் நிறுத்தம் அதற்கு முன் எங்கே இருந்தது எல்லாம் வந்துவிட்டது. மூன்று பக்கம். அக்கா கடைக்குள் நின்றபடியே சத்தமாகப் படித்துப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்து முடிக்கப் பதினொரு நிமிஷம் ஆயிற்று.

"கடைசி பக்கத்துலதான் பெஞ்சே வருது," என்றார் அக்கா.

"முன்கதை வேணாமாக்கா?"

"இதைப் படிக்கணும்னா நான் அங்கேயும் பதினோரு நிமிஷம் நிக்கணும்டி." காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, என் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கால் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டார். "மேல உக்காந்திருக்காங்களே, அவங்க நாற்காலி எப்படி இருக்கும்?"

"சுத்துற நாற்காலிக்கா. மெத்தை வெச்சது. முதுகு வரைக்கும் மெத்தை."

"அப்படியா," என்றார். என் மூன்று பக்கத்தையும் அங்கேயே வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

செவ்வாய்க்கிழமை வந்தது. டோக்கன் காலை எட்டு மணிக்குக் கொடுப்பார்கள். அதற்காக ஏழு மணியிலிருந்தே மாடித் தாழ்வாரத்தில் வரிசை கட்டி நிற்க வேண்டும். அக்கா அன்றைக்கு லீவு போட்டிருந்தார். வரிசையில் எனக்கு முன்னால் அவர், ஒன்பதாவது ஆள். நான் பத்தாவது. கணவனும் மனைவியும் ஒரே வீட்டிலிருந்துதான் புறப்பட்டு வந்தார்கள், ஆனால் அவர் மேஜைக்கு அந்தப் பக்கம், இவர் வரிசையின் வாலில். வீட்டிலேயே ஒரு டோக்கனைக் கிழித்துக் கொடுத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? ஒரு மணி நேரம் நின்ற பிறகு அக்காவின் முறை வந்தது. மணிக்காரர் தலை நிமிராமல் ஃபாரத்தை எடுத்து வைத்தார்.

"பேரு?"

அக்கா சொன்னார். அவர் எழுதினார்.

"முகவரி?"

"என்னங்க, உங்களுக்குத் தெரியாதா?"

"மனுதாரர் சொல்லணும். நான் எழுதணும். சொல்லுங்க."

எனக்குப் பின்னால் டோக்கன் கிடைக்காமல் போன ஆட்கள்கூடச் சிரித்தார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தன் வீட்டு முகவரியைத் தன் வீட்டுக்காரரிடம் சொன்னார். கதவு எண்ணைச் சொல்லும்போது அவர், "பழைய நம்பரா, புது நம்பரா?" என்று வேறு கேட்டார்.

செய்தி அதற்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. மணிக்காரர் சம்சாரம் பேசப்போறாங்களாம். அலுவலக ஆட்களில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு ஹாலின் பின்பக்கம் வந்து நின்றார்கள். மூன்று நிமிஷம் ஆனதும் மணி அடிப்பாரா, மாட்டாரா என்பதுதான் பேச்சு. அடிக்க மாட்டார் என்று நான் பக்கத்தில் இருந்த தையல்காரரிடம் ஒரு டீ பந்தயம் கட்டினேன். அடிக்காவிட்டால் அதையே சாக்காக வைத்துப் பதினொரு கூட்டத்துக் கோபத்தையும் அவர் மேல் கொட்டுவது என்று தயாராக இருந்தேன். அடித்தால் சாயங்காலம் வீட்டில் அவர் கதி என்ன என்று நினைக்கவும் நன்றாகத்தான் இருந்தது. நான் நல்லவள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

முதல் எட்டுப் பேரும் வழக்கம்போலப் பேசி, வழக்கம்போல மணி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேடையில் தலைவரும் ஆறு கவுன்சிலர்களும் பொறியாளரும். தலைவர் நாற்காலியைச் சாய்த்து, கண்ணை மூடியும் மூடாமலும் இருந்தார். ஒரு கவுன்சிலர் மேஜைக்கு அடியில் ஃபோன் பார்த்தார். இன்னொருவர் பிஸ்கட்டை டீயில் நனைத்து, அது உடைந்து விழுவதற்குள் வாய்க்குக் கொண்டுபோவதில் மும்முரமாக இருந்தார்.

"டோக்கன் ஒன்பது," என்றார் மணிக்காரர். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

அக்கா மைக் முன்னால் வந்தார். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நான் ஆஸ்பத்திரியில எட்டரை மணி நேரம் நின்னு வேலை பார்க்கிறேன். அப்புறம் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிக்கிறேன். அங்க இருந்த பெஞ்சை எடுத்துட்டுப் போயிட்டீங்க. அது வேணும். நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மிச்சம் இருக்கிற என் நேரத்துக்கு நீங்க எல்லாரும் எழுந்து நின்னா போதும். பேசாம, ஃபோன் பார்க்காம, சும்மா நிக்கணும்."

தலைவர் கண்ணை முழுதாகத் திறந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேடை ஓரத்துக்குத் திரும்பினார்.

"ஏம்ப்பா, இப்படியெல்லாம் கேக்கலாமா? விதியில இடம் இருக்கா?"

மணிக்காரர் வாட்சை அமுக்கி நிறுத்தினார். எழுந்து நின்றார். விதிப் புத்தகம் மேஜையில்தான் இருந்தது, ஆனால் அவர் அதைத் தொடவே இல்லை.

"மனுதாரர் தனக்கு ஒதுக்கின நேரத்தை எந்த விதமாவும் பயன்படுத்தலாம். சபைக்கு மரியாதைக் குறைவா மட்டும் இருக்கக் கூடாது. அதுதான் விதிங்க ஐயா."

"நம்மளை நிக்கச் சொல்றது மரியாதைக் குறைவு இல்லையா?"

மணிக்காரர் கொஞ்சம் யோசித்தார். "நிக்கிறது மரியாதைதானுங்களே ஐயா," என்றார்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பத்திரிகை நிருபர் எழுந்து கேமராவைக் கையில் எடுத்தார். கேமராவைப் பார்த்த பிறகு தலைவருக்கு வேறு வழி இல்லை. நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் ஊன்றி எழுந்தார். அவர் எழுந்ததும் கவுன்சிலர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பிஸ்கட் கவுன்சிலர் வாயில் இருந்ததை மென்றபடியே எழுந்தார். கையில் இருந்த பாதி பிஸ்கட் டீக்குள் விழுந்துவிட்டது. மணிக்காரர் வாட்சை மறுபடி ஓடவிட்டார்.

சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பேச்சு இருந்தால் தெரியாது, ஃபோன் இருந்தால் தெரியாது. ஒன்றுமே இல்லாமல், ஊரே பார்க்க நிற்க வேண்டும் என்றால் கையை எங்கே வைப்பது என்றுகூடப் பெரிய மனிதர்களுக்குத் தெரியவில்லை. தலைவர் முன்னால் கட்டிப் பார்த்தார், பின்னால் கட்டிப் பார்த்தார். பொறியாளர் மெல்ல மேஜையில் கையை ஊன்றினார்.

"சாயக் கூடாது!" என்று கத்தினேன். எனக்கு டோக்கன் பத்து, பேச உரிமை வரவில்லைதான். ஆனாலும் பொறியாளர் கையை எடுத்துவிட்டார்.

தலைவரின் கால் புது ஷூவுக்குள் இருந்தது. ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி நின்றார்.

"எவ்வளவு ஆச்சு?"

மணிக்காரர் வாட்சை நிறுத்தினார். "அம்பது செகண்ட் ஐயா." தலைவர் முகத்தைத் திருப்பியதும் ஓடவிட்டார்.

கொஞ்ச நேரம் போனது.

"இன்னும் முடியலையா?"

மறுபடி நிறுத்தினார். "ஒரு நிமிஷம் அஞ்சு செகண்ட் ஆயிருக்குங்க."

"என்னப்பா இது, எவ்வளவு நேரமா நிக்கிறோம்! நீ என்ன அதை அமுக்கி அமுக்கி விளையாடுறே?"

"நீங்க பேசினீங்க ஐயா. மேடை பேசினா வாட்ச் நிக்கும்."

"நான் எங்கப்பா பேசினேன்? டைம்தானே கேட்டேன்!"

"இப்பவும் பேசுறீங்க ஐயா."

ஹால் அதிர்ந்தது. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. ஃபோன் கவுன்சிலர் பல்லுக்குள்ளாகவே, "தலைவரே, பேசாதீங்க, நேரம் நின்னுடுது," என்றார். அதற்கும் வாட்ச் நின்றது. "நீ முதல்ல வாயை மூடுய்யா," என்றார் பிஸ்கட் கவுன்சிலர். அதற்கும் நின்றது. துணைத் தலைவர் எல்லாரையும் அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொண்டு இரண்டு வாக்கியம் பேசினார், நல்ல நடையில். அந்த நேரம் முழுக்க வாட்ச் நின்றது. "போதும்ப்பா, மணியை அடிச்சுடு," என்று தலைவர் கடைசியில் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னும் ஒரு நிமிஷம் பத்து செகண்ட் இருக்குங்க ஐயா. அது மனுதாரரோட நேரம்."

பதினெட்டு வருஷம் நாங்கள் யாரைச் சபித்தோமோ அதே ஆள்தான். ஒரு விநாடி கூடக் கொடுக்க மாட்டேன் என்று எங்களிடம் சொன்ன அதே வாய்தான், ஒரு விநாடியும் குறைக்க மாட்டேன் என்று மேடையிடம் சொன்னது. எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. தையல்காரரும் மூக்கை உறிஞ்சினார், ஜலதோஷம் என்று பிறகு சொன்னார்.

அதன் பிறகு மேடையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கடைசி ஒரு நிமிஷம் பத்து விநாடியும் அக்கா மைக் முன்னால் அசையாமல் நின்றார். நிற்கப் பழகிய கால். மணிக்காரர் மனைவியைப் பார்க்கவே இல்லை, குனிந்து வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை மணியை நோக்கிப் போனது. டிங்.

எட்டு நாற்காலியும் ஒரே சமயத்தில் கிரீச்சிட்டன. சுவர்க் கடிகாரப்படி அந்த மூன்று நிமிஷம் ஒன்பது நிமிஷம் ஓடியிருந்தது. தலைவர் மேஜைக்கு அடியில் ஷூவைக் கழற்றிக்கொண்டே பொறியாளரைப் பார்த்தார்.

"அந்த பெஞ்சு எங்கய்யா இருக்கு?"

"கிடங்குல இருக்குங்க ஐயா."

"ரிப்பேர் ஆயிடுச்சா?"

"அப்பவே ஆயிடுச்சுங்க. மறுபடி ஜனங்க உக்காந்துடுவாங்களேன்னுதான்..."

"உக்காரட்டும்யா!" என்றார் தலைவர். அவ்வளவு மனப்பூர்வமாக அவர் ஒரு உத்தரவு போட்டு நான் பார்த்ததில்லை.

"டோக்கன் பத்து," என்றார் மணிக்காரர்.

நான் எழுந்தேன். மேடை இவ்வளவு பயந்து, இவ்வளவு காது கொடுத்துக் கேட்கும் நாள் இன்னொன்று எனக்குக் கிடைக்காது. அது எனக்கே தெரியும். பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே என்று ஆரம்பித்தேன். கடை எடுத்த வருஷத்தைச் சொன்னேன். அதற்கு முன் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவரைப் பற்றிச் சொன்னேன். சாக்கடை தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது. டீ பந்தயமும் தோற்றது நான்தான்.

பெஞ்சு பதினாறாம் நாள் வந்தது. அக்கா சொல்லி, அடுத்த வாரம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் பார்க்கப் போனேன். புதுப் பச்சைப் பெயின்ட், கால் ஆடவில்லை, நான்கு போல்ட்டையும் சிமென்ட்டில் இறுக்கியிருந்தார்கள். ஆனால் பெஞ்சை ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் பஸ் முதுகுக்குப் பின்னால் வரும். முதல் நாளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மூன்று பேரை விட்டுவிட்டு ஒரு பஸ் போய்விட்டதாம். பொறியாளரைக் கேட்டதற்கு, வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றாராம்.

நான் போனபோது அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்து, இரண்டு காலையும் சுவரில் நீட்டி வைத்திருந்தார். அதற்கு மட்டும் அந்தத் திசை வசதியாகத்தான் இருந்தது. பக்கத்தில் மணிக்காரர் எதிர்ப்பக்கமாகத் திரும்பி, பெஞ்சின் முதுகில் கையைப் போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் முடிந்ததும் தினமும் நேராக இங்கே வந்துவிடுகிறாராம். பஸ் வருகிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டுமே.

"என்ன அண்ணே, இதுக்கு ஸ்டாப்வாட்ச் இல்லையா?" என்று கேட்டேன்.

"இதுக்கெல்லாம் கணக்கு கிடையாது," என்றார், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல்.

அக்கா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "வர்ற செவ்வாய்க்கிழமை மறுபடி வரேங்க. பெஞ்சைத் திருப்பிப் போடச் சொல்லணும். இந்தத் தடவையாவது ஒரு டோக்கன் எடுத்து வைங்க."

"அதெல்லாம் முடியாது. எல்லாரையும் போல ஏழு மணிக்கு வந்து வரிசையில நில்லு."

"நிக்கணுமா?"

மணிக்காரர் பஸ் வருகிறது என்று சொல்லி எழுந்தார். அக்கா செருப்பு மாட்டும் வரை அவர் நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு மாடித் தாழ்வாரத்துக்குப் போனால், சுவரோரமாகப் பத்து நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தது. ஹாலில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள்தான். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒன்று முதல் பத்து வரை சாக்பீஸில் எண் எழுதியிருந்தது. எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும், அந்தக் கையால் எழுதிய மூன்று கடிதத்தைக் காப்பி எடுத்தவள் நான். பதினெட்டு வருஷமாக நின்று பழகிய ஜனங்கள் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"யார் உத்தரவு போட்டாங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"உத்தரவு எதுக்கு? விதியில வரிசைன்னுதான் இருக்கு. நிக்கணும்னு எங்கயும் இல்லை. நேத்துதான் நல்லாப் படிச்சுப் பார்த்தேன்."

அக்கா அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் வந்திருந்தார். முதல் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தோம். எட்டு மணி அடித்ததும் மணிக்காரர் மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் நாற்காலிக்கு எதிரே போட்டார். மனைவி எழுந்திருக்க வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, தான் நின்றபடியே ஃபாரத்தை எடுத்தார்.

"பேரு?" என்றார்.